'ஈ-கேடரின் நெகட்டிவ்': பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் இந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் ஒருவருக்கு மார்பகத்தில் பயாப்சி எடுத்திருக்கிறார்கள். சில நாள் கழித்து ரிப்போர்ட்டின் பிடிஎஃப் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. "நீதான் படிச்ச ஆளு, என்னன்னு பாரு" என்று பொறுப்பு உங்கள் தலையில் வருகிறது. ஈஆர், பிஆர், ஹெர்2 என்று வரிசையாக வரும் பெயர்களுக்குக் கீழே 'ஈ-கேடரின்: நெகட்டிவ்' என்று ஒரு வரி.

கூகுள் செய்தால், 'செல்களை ஒட்டவைக்கும் புரதம்' என்று ஒரு விளக்கம் கிடைக்கும். கூடவே, ஆன்டிபாடி விற்கும் நிறுவனங்களின் பக்கங்கள் வரிசைகட்டும். குளோன் பெயர், 100 மைக்ரோலிட்டர், விலை சில நூறு டாலர். 100 மைக்ரோலிட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு சொட்டு.

அந்த ரிப்போர்ட் வரிக்கும் இந்த இரண்டு சொட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நோயியல் மருத்துவர் ஈ-கேடரினைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆன்டிபாடி போய் ஒட்டிய இடத்தில் உருவான நிறத்தைத்தான் பார்க்கிறார். நிறம் இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ்.

அப்போ ஒரு சந்தேகம் வரணும். நிறம் வரவில்லை என்றால், புரதம் இல்லை என்று அர்த்தமா, அல்லது ஆன்டிபாடி அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டது என்று அர்த்தமா? இந்தக் கேள்வி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும்.

ஈ-கேடரின் என்ன வேலை செய்கிறது?

நம் தோல், குடலின் உள்சுவர், பால் சுரப்பியின் நாளங்கள் எல்லாமே எபிதீலியம் எனப்படும் செல் அடுக்குகளால் ஆனவை. அந்தச் செல்கள் பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதான் ஈ-கேடரின். 'ஈ' என்பது எபிதீலியத்தைக் குறிக்கிறது. நரம்புத் திசுவில் அதிகம் இருப்பது என்-கேடரின், நஞ்சுக்கொடியில் கண்டறியப்பட்டது பி-கேடரின். எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தப் புரதத்தின் நீளமான பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஐந்து துண்டுகள் சங்கிலி போல இருக்கின்றன. துண்டுகளுக்கு இடையே கால்சியம் அமர்ந்தால்தான் சங்கிலி விறைப்பாக நிற்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் துவண்டுவிடும், பிடி விட்டுப்போகும். செல்லுக்கு உள்ளே இருக்கும் வால் பகுதியை பீட்டா-கேட்டனின், பி120-கேட்டனின் போன்ற புரதங்கள் பிடித்துக்கொண்டு, செல்லின் உள் எலும்புக்கூட்டோடு இணைக்கின்றன.

பி120 என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

புரதத்துக்கு முன்பே வந்த ஆன்டிபாடி

இன்று ஒரு புரதத்தின் மரபணு வரிசை தெரியும், அதை வைத்து ஆன்டிபாடி தயாரிக்கிறோம். 1970-களில் கதை தலைகீழ். செல்கள் ஒட்டுகின்றன என்று தெரியும், எது ஒட்டவைக்கிறது என்று தெரியாது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாதோஷி டகேய்ச்சி, அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த கார்னகி நிறுவன ஆய்வகத்துக்கு வேலை செய்யப் போனார். கியோட்டோவில் அவர் செல்களை ட்ரிப்சின் என்ற நொதியால் பிரித்தால், அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும். பால்டிமோரில் பிரித்த செல்களோ ஒட்ட மறுத்தன. ஒரே சோதனைக்கு இரண்டு ஊரில் இரண்டு முடிவு.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. பால்டிமோர் ஆய்வகத்தின் ட்ரிப்சின் கரைசலில் ஈடிடிஏ என்ற ரசாயனமும் கலந்திருந்தது. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால் ட்ரிப்சினால் அந்த ஒட்டும் புரதத்தை வெட்ட முடியாது, இல்லாவிட்டால் வெட்டிவிடும். ஆக, கால்சியத்தை நம்பியிருக்கும் ஒரு ஒட்டும் புரதம் செல்லின் மேல்பரப்பில் இருந்தாக வேண்டும் என்று டகேய்ச்சி முடிவுக்கு வந்தார். 1977-ல் அது வெளியானது. 'எங்கள் லேபில் வந்த ரிசல்ட் இங்கே வரவில்லையே' என்று எரிச்சல்பட்டு விட்டுவிடாமல், கரைசலில் என்ன வித்தியாசம் என்று தோண்டியதன் பலன் அது.

ஆனால் 'இருக்க வேண்டும்' என்பதும் 'இதுதான்' என்று காட்டுவதும் வேறு வேறு. இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. 1984-ல் டகேய்ச்சியின் குழு இசிசிடி-1 என்ற ஆன்டிபாடியை வெளியிட்டது. எலியின் செல்களில் அதைச் சேர்த்தால், செல்கள் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் போயின. ஆன்டிபாடி எதில் ஒட்டியதோ அதுதான் ஒட்டும் புரதம்.

இதே காலத்தில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில், நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சுவா ஜாக்கோப்பின் ஆய்வகத்தில் ரோல்ஃப் கெம்லர் உள்ளிட்டோர் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எலிக் கரு எட்டு செல்லாக இருக்கும்போது, செல்கள் நெருங்கி இறுகும். அவர்களின் ஆன்டிபாடி அந்த இறுக்கத்தைத் தடுத்தது. கரு திராட்சைக் கொத்து மாதிரி தனித்தனி உருண்டையாகவே நின்றது. அதனால் அந்தப் புரதத்துக்கு, திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து 'உவோமொருலின்' என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் கோழிக் கருவில் ஆய்வு செய்த குழு இதையே 'எல்-கேம்' என்றது. எல்லாம் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. 1987-ல், இயல்பாக ஒட்டவே ஒட்டாத ஒரு வகைச் செல்லுக்குள் ஈ-கேடரின் மரபணுவைச் செலுத்தியபோது அவை ஒட்டத் தொடங்கின. டகேய்ச்சியும் கெம்லரும் 2020-ல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதப் புரதத்துக்கான ஆன்டிபாடி எப்படிக் கிடைத்தது?

1975-ல் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டீனும் கேம்பிரிட்ஜில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் எலியின் பி செல்லை, சாகாமல் பெருகும் ஒரு புற்றுச் செல்லோடு இணைத்தால், ஒரே வகை ஆன்டிபாடியைக் காலம் முழுக்கச் சுரக்கும் செல் கிடைக்கும். இதற்குப் பெயர் ஹைப்ரிடோமா. அதிலிருந்து வருவது மோனோகுளோனல் ஆன்டிபாடி. 1984-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறையில் 1989-ல் ஜப்பானில் உருவானதுதான் ஹெச்இசிடி-1. எம்சிஎஃப்-7 என்ற மனித மார்பகப் புற்றுச் செல்களை எலிக்கு ஊசி மூலம் செலுத்தி, அதன் நோய் எதிர்ப்பு மண்டலம் தயாரித்த ஆன்டிபாடிகளிலிருந்து மனித ஈ-கேடரினைப் பிடிக்கும் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்கள். இன்றும் பல நிறுவனங்கள் இதே குளோனை விற்கின்றன. இது தவிர இன்னும் பல குளோன்கள் சந்தையில் இருக்கின்றன. 'ஈ-கேடரின் ஆன்டிபாடி' என்று பொதுவாகச் சொல்வது, 'சென்னைக்குப் போகும் ரயில்' என்று சொல்வது போல. எந்த ரயில், எந்த ஸ்டேஷன் என்று சொன்னால்தான் உபயோகம்.

அதே 1989-ல் ஜெர்மனியில் நடந்த இன்னொரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். நாயின் சிறுநீரகச் செல்கள் வழக்கமாக அடக்கமாக, அடுக்காக நிற்கும். ஈ-கேடரினைத் தடுக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்தபோது, அவை கொலாஜன் ஜெல்லுக்குள் துளைத்துக்கொண்டு நுழைந்தன. பிடி தளர்ந்தால் செல் ஊடுருவும். புற்றுநோய் மருத்துவர்கள் இந்தப் புரதத்தைத் திரும்பிப் பார்த்ததற்கு இதுபோன்ற சோதனைகள் ஒரு முக்கியக் காரணம்.

ஆன்டிபாடி எந்த இடத்தைப் பிடிக்கிறது?

நீங்கள் பயோடெக் துறையில் இருந்தால், பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ புனேவிலோ ஒரு லேபில் வேலை செய்தால், இந்தப் பகுதி உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஆன்டிபாடி முழுப் புரதத்தையும் பிடிப்பதில்லை. அதில் ஒரு சின்ன இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். ஹெச்இசிடி-1 செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதியைப் பிடிப்பது. அதனால் உயிருள்ள செல்லில் நேரடியாகச் சேர்க்கலாம், ஒட்டுதலைத் தடுக்கவும் பயன்படுத்தலாம். வேறு சில குளோன்கள் உள்ளே இருக்கும் வாலைப் பிடிப்பவை. அவற்றை உயிருள்ள செல்லில் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. செல் சவ்வில் ஓட்டை போட்டால்தான் உள்ளே போகும்.

இதனால் என்ன ஆகும்? ஈ-கேடரினின் வெளிப்பகுதி சில நேரம் அறுந்து தனியே மிதக்கும். முழுப் புரதத்தின் எடை சுமார் 120 கிலோடால்டன் என்றால், இந்தத் துண்டு சுமார் 80. வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு இந்தத் துண்டு தெரியவே தெரியாது. வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்குத் தெரியும். ஒரே மாதிரியை இரண்டு பேர் இரண்டு குளோனால் சோதித்து, இரண்டு பேரும் சரியாகவே வேலை செய்து, இரண்டு முடிவுக்கு வரலாம்.

டகேய்ச்சியைக் குழப்பிய ஈடிடிஏ இன்றும் ஆட்களைக் கவிழ்க்கிறது. தட்டில் வளரும் செல்களைப் பெயர்த்தெடுக்க எல்லா லேபிலும் இருக்கும் பாட்டில் 'ட்ரிப்சின்-ஈடிடிஏ'. அதைப் போட்டு எடுத்த செல்லில் ஈ-கேடரினின் வெளிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் வைத்துப் பார்த்தால் 'ஈ-கேடரின் இல்லை' என்றே காட்டும். ஆன்டிபாடியைக் குறை சொல்லிப் பயனில்லை; அது பிடிக்க வேண்டிய இடத்தை நாமே வெட்டிவிட்டோம். இந்தச் சோதனைக்கு வெறும் ஈடிடிஏவாலோ, கால்சியம் சேர்த்த ட்ரிப்சினாலோ செல்லை எடுப்பது பாதுகாப்பானது.

இந்தியாவில் இன்னொரு பிரச்னையும் சேர்கிறது. இந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை இறக்குமதி. ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, குளிர் கெடாமல் கைக்கு வந்து சேர வேண்டும். வந்தவுடனே அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைக்காமல், முழுக் குழாயையும் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் அதன் வீரியம் குறையும். விலை அதிகம் என்பதால், 'முதலில் ஆன்டிபாடியைச் சோதித்துவிட்டு ஆரம்பிப்போம்' என்பதற்குப் பட்ஜெட்டில் இடம் இருக்காது. என் கருத்தில், இது தவறான இடத்தில் செய்யும் சிக்கனம்.

ஏனென்றால், சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. எம்சிஎஃப்-7 செல்லில் ஈ-கேடரின் ஏராளம். எம்டிஏ-எம்பி-231 என்ற மற்றொரு மார்பகப் புற்றுச் செல்லில் அந்த மரபணு அணைக்கப்பட்டிருக்கும், புரதம் இருக்காது. இரண்டும் தேசிய செல் களஞ்சியமாக இயங்கும் புனேவின் என்சிசிஎஸ் போன்ற இடங்களில் கிடைப்பவை. முதலாவதில் 120 அருகே பட்டை வந்து, இரண்டாவதில் வராமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஒரே செல்லில் அந்த மரபணுவை மட்டும் கிரிஸ்பர் மூலம் நீக்கி ஒப்பிட்டால் இன்னும் உறுதி.

சந்தையில் இருப்பதெல்லாம் வேலை செய்கிறதா?

இல்லை. இதை ஊகமாகச் சொல்லவில்லை. கனடாவின் மாண்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒய்கேரோஸ் என்ற கூட்டு முயற்சி, 65 மனிதப் புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை எடுத்துச் சோதித்தது. மரபணு நீக்கப்பட்ட செல்லோடு ஒப்பிடுவதுதான் முறை. பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தேறவில்லை. தன் இலக்கையே அடையாளம் காணாத ஆன்டிபாடியை வைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக சுமார் 12 இருந்தன. முடிவுகளைப் பார்த்த நிறுவனங்கள், எதிர்பார்த்தபடி தேறாதவற்றில் சுமார் 20 சதவிகிதத்தை விற்பனையிலிருந்து எடுத்தன. சுமார் 40 சதவிகிதத்துக்கு, எதற்குப் பயன்படும் என்ற பரிந்துரையை மாற்றின. நிறுவனங்கள் தாங்களாகவே இதற்கு ஆன்டிபாடிகளைக் கொடுத்து ஒத்துழைத்தன என்பது நல்ல விஷயம்.

அதற்கு முன்பே, 2015-ல் 'நேச்சர்' இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட ஒரு கருத்துரை, மோசமான ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் வீணாவதாக மதிப்பிட்டது.

ஈ-கேடரின் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. பல பத்தாண்டுகளாக, பல நாடுகளில், ஒரே குளோன்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் எழுதும் கட்டுரையில் குளோன் பெயர், கேட்டலாக் எண், லாட் எண், எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'ஈ-கேடரின் ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால், அதை இன்னொருவர் செய்து பார்க்க முடியாது.

சரி, அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம்

பயாப்சித் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி ஸ்லைடில் வைக்கிறார்கள். ஃபார்மலின் புரதங்களைப் பின்னிப் பிணைத்துவிடுவதால், சூடான கரைசலில் வைத்து எபிடோப்பை மறுபடி வெளிக்கொண்டுவர வேண்டும். பிறகு ஈ-கேடரின் ஆன்டிபாடி, அதைப் பிடிக்க இரண்டாவது ஆன்டிபாடி, அதில் இணைத்த நொதி, கடைசியில் பழுப்பு நிறம். ஈ-கேடரின் இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் தேன்கூடு மாதிரி பழுப்புக் கோடு தெரியும்.

மார்பகப் புற்றில் பெரும்பாலானவை 'டக்டல்' வகை. சுமார் 10 முதல் 15 சதவிகிதம் 'லோபுலர்' வகை. லோபுலர் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகத் திரளாமல், ஒற்றை வரிசையில் சிதறி நடக்கும்; அதனால் மேமோகிராமில் எளிதில் அகப்படாது. ஏன் அப்படி என்பதற்கு 1995-ல் விடை கிடைத்தது: இவற்றில் ஈ-கேடரினைத் தயாரிக்கும் சிடிஹெச்1 மரபணு பழுதாகியிருக்கிறது.

புற்று ஏற்கெனவே பரவத் தொடங்கிய நிலையில், சிகிச்சையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகளும் நோயின் நிலையும்தான். ஈ-கேடரின் வரி மட்டும் மருந்தை மாற்றுவதில்லை. ஆனால் இன்னும் ஊடுருவாத, தொடக்க நிலை மாற்றம் என்றால் கதை வேறு. அது டக்டல் வகை, அதாவது டிசிஐஎஸ் என்றால், வழக்கமாக அறுவை சிகிச்சை செய்து, விளிம்பில் செல் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்து, கதிர்வீச்சையும் பரிசீலிப்பார்கள். வழக்கமான லோபுலர் வகை, எல்சிஐஎஸ் என்றால், அதை எதிர்கால ஆபத்தின் அறிகுறியாகப் பார்த்து, தொடர்ந்து கண்காணிப்பதே பெரும்பாலும் போதும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும் நேரங்களில், பிரித்துச் சொல்ல உதவுவது ஈ-கேடரின்.

அந்தப் பழைய சந்தேகம் இங்கேதான் கனமாகிறது. நிறமே வராத ஸ்லைடு, புரதம் இல்லாததாலும் இருக்கலாம், சாயமேற்றல் சரியாக நடக்காததாலும் இருக்கலாம். நல்ல நோயியல் மருத்துவர் முதலில் பார்ப்பது சந்தேகப்படும் செல்களை அல்ல. அதே ஸ்லைடில் பக்கத்தில் இருக்கும் இயல்பான நாளத்தைப் பார்ப்பார். அதில் பழுப்புக் கோடு அழகாக இருந்து, இங்கே மட்டும் இல்லையென்றால் அந்த 'நெகட்டிவ்' நம்பத்தக்கது. இரண்டிலும் இல்லையென்றால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில லோபுலர் புற்றுகளில் பழுதான புரதம் முழுசாக மறையாமல் சவ்வில் மிச்சம் இருக்கும். அரைகுறையாக நிறம் வரும். அதை 'பாசிட்டிவ்' என்று எடுத்துக்கொண்டால் வகை மாறிவிடும். இங்கே பி120 கைகொடுக்கிறது. ஈ-கேடரின் சரியாக இருந்தால் பி120 அதன் வாலைப் பிடித்துச் சவ்வு ஓரமாக நிற்கும். பிடிக்க வால் இல்லாவிட்டால் செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதாவது, இல்லாத ஒன்றைத் தேடி ஏமாறாமல், இடம் மாறி நிற்கும் ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம்.

உங்கள் மனதில் அடுத்து எழும் கேள்வி: இது பரம்பரையாக வருமா? 1998-ல் நியூசிலாந்தில், தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்று வந்த மாவோரிக் குடும்பத்தில், பிறவியிலேயே சிடிஹெச்1 பழுது இருப்பதை ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு லோபுலர் மார்பகப் புற்றின் ஆபத்தும் அதிகம். ஆனால் அது அரிது. பெரும்பாலான லோபுலர் புற்றுகளில் பழுது அந்தக் கட்டியின் செல்களில் மட்டுமே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது. ரிப்போர்ட்டில் 'ஈ-கேடரின் நெகட்டிவ்' என்றதும் வீட்டில் எல்லோருக்கும் மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். குடும்பத்தில் இளவயதில் 'டிஃப்யூஸ்' வகை இரைப்பைப் புற்றோ, பலருக்கு லோபுலர் மார்பகப் புற்றோ வந்திருந்தால், மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை இவை. இயல்பான நாளத்தில் நிறம் வந்ததா? நிறம் முழுசாக இல்லையா, அரைகுறையா? பி120 பார்த்தார்களா, பார்க்கத் தேவை உண்டா? பதிலில் திருப்தி இல்லையென்றால், ஸ்லைடுகளையும் அந்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். லேபில் அதை 'பிளாக்' என்பார்கள். மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை; அதே பிளாக்கிலிருந்து புதிதாக ஒரு சீவல் வெட்டி, வேறு குளோனால் சாயமேற்றிப் பார்க்க முடியும்.